நாலாம் நம்பர் மெஷினும் அண்ணியின் பென் டிரைவும்

என் அண்ணிக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு என்பது ஒன்று. அந்தக் காரணம், தான் அல்ல என்பது இரண்டு. முதலாவதில் அவர் சொன்னது எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது ஒரு முறை தவறிப்போனது. அந்த ஒரு முறையைப் பற்றி எழுதினால் அண்ணியைப் பற்றி முழுவதும் எழுதியதாகிவிடும் என்று தோன்றுகிறது.

அண்ணி எட்டு வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். படம் பிரிண்ட் போட வருகிறவர்கள் பென் டிரைவை நீட்டுவார்கள். பாதி திறக்கும், பாதி திறக்காது. திறக்காததைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர்களையும், சண்டை போடுகிறவர்களையும் சமாளித்துச் சமாளித்து அண்ணி தனக்கென்று சில கட்டளைகளை உண்டாக்கிக்கொண்டார். விளக்கு மினுக்கும்போது பிடுங்கக் கூடாது. காப்பி ஆகிவிட்டது என்று கணினி சொன்னால் நம்பக் கூடாது, திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். பென் டிரைவை மேசையில் வைக்கவே கூடாது. மேசையில் வைத்தது காணாமல் போகும், தேநீரில் குளிக்கும், இல்லாவிட்டால் யாராவது அதன் மேல் முழங்கையை ஊன்றுவார்கள். அதனால் வேலையில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு நீல நாடாவில் பென் டிரைவைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்.

“எட்டு வருஷம். ஒருத்தர் படம்கூட என் கையால போனதில்ல” என்பார். வீட்டில் குழம்பு தீய்ந்தால்கூட இதைத்தான் சொல்வார்.

ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். அப்போது நான் ஓர் எம்பிராய்டரி பட்டறையில் டிசைன் போடும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு மெஷினுக்கு ஆள் தேவைப்பட்டது. அண்ணியை அழைத்துப் போனேன்.

“மெஷின் ஓட்டத் தெரியுமாம்மா?” என்று கேட்டார் முதலாளி.

“தெரியாது சார். பத்து நாள்ல தெரியும்.”

எட்டு நாளில் தெரிந்துவிட்டது. மிச்சம் இரண்டு நாளும் தனக்கு லீவு தர வேண்டும் என்று அண்ணி கேட்டதும், முதலாளி சிரிக்காமல் அவரைப் பார்த்ததும் பட்டறையில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

பட்டறை ஒரு நீளமான கூடம். ஆறு மெஷின்கள். முன்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் என் கணினி. நான் போடும் டிசைனை அந்தந்த மெஷினின் பென் டிரைவில் ஏற்றித் தருவேன். அதை மெஷினின் பக்கவாட்டில் செருகினால், மெஷின் டிசைனைத் தன் நினைவில் வாங்கிக்கொள்ளும். பிறகு ஊசி இறங்கத் தொடங்கும். ஆறு மெஷினுக்கும் ஆறு பென் டிரைவ். நகப்பூச்சால் எண் எழுதியிருக்கும். மற்றவர்கள் அதை ஏப்ரன் பையிலோ நூல் டப்பாவிலோ போட்டு வைப்பார்கள். இரண்டாம் நம்பர் மெஷினை ஓட்டும் அக்கா பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருப்பார். நாலாம் நம்பர் மட்டும் அண்ணியின் கழுத்தில் தொங்கும்.

நாலாம் நம்பருக்கு மற்றவற்றைவிடப் பெரிய மேசை. அதனால் கனத்த துணி எல்லாம் அதற்குத்தான் வரும். அண்ணிக்கு அதில் ஒரு கர்வம். “சட்டைப் பையில பூ போடறதெல்லாம் ஒரு வேலையாக்கா?” என்று இரண்டாம் நம்பர் அக்காவைச் சீண்டுவார்.

“ஆமாண்டி, நீ கப்பலுக்குப் பாய் தைக்கறவ” என்பார் அக்கா.

ஒரு படகு மீட்புக் குழுவுக்கு நாற்பது ஜாக்கெட் வந்தது. அவர்களே தைத்துக் கொடுத்தனுப்பிய ஜாக்கெட். தைத்து முடிய முடியப் பத்துப் பத்தாக அனுப்பினார்கள். நெஞ்சில் ஒரு நாரை, கீழே அணிகிறவர் பெயர். பெயர் மாறுவதால் ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் தனி ஃபைல். ஒவ்வொன்றுக்கும் பென் டிரைவைச் செருக வேண்டும், எடுக்க வேண்டும். ஒரு ஜாக்கெட் கெட்டால் கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாது.

முதல் பத்தில் ஏழாவது ஜாக்கெட் கெட்டது. நாரையின் அலகும் கழுத்தும் ஒழுங்காக வந்தன. பிறகு ஊசி சட்டென்று ஒரு பக்கமாக ஓடிப் போய், வெள்ளை நூலில் ஒரு கரண்டியின் காம்பைத் தைக்க ஆரம்பித்தது. போன வாரம் ஒரு ஓட்டலின் ஏப்ரன்களுக்குப் போட்ட கரண்டி அது. அண்ணி மெஷினை நிறுத்துவதற்குள் காம்பு முடிந்துவிட்டது.

எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

“நாரைக்குப் பசி போல” என்றார் அக்கா.

அண்ணி சிரிக்கவில்லை. மெஷின் தன் நினைவில் வாங்கிய டிசைனைத் திரும்பப் பென் டிரைவில் எடுத்து என்னிடம் கொண்டு வந்தார். நான் போட்ட ஃபைலோடு ஒப்பிட்டோம். என்னுடையது எண்பத்து நாலு கேபி என்றால் மெஷினிடம் இருந்தது ஐம்பத்தொன்றுதான். பாதி வாங்கியதும் தொடர்பு அறுந்திருக்கிறது. மெஷின் எச்சரிக்கை எதுவும் தராமல், மிச்ச இடத்தில் ஏற்கெனவே கிடந்த பழைய கரண்டியைத் தைக்கப் போயிருக்கிறது.

“பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிருக்கு” என்றார் அண்ணி. “யாரு எழுப்பிவிட்டாங்கனு பார்க்கணும்.”

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய நோட்டில் கோடு போட்டார். தேதி, பென் டிரைவ், மெஷின், துணி, என்ன ஆனது. துணி எதற்கு என்று கேட்டேன். “எதுக்குனு தெரியாது. தெரிஞ்சா நோட்டே வேணாமே” என்றார். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் கட்சி.

முதலில் பென் டிரைவைச் சந்தேகப்பட்டார். சில பென் டிரைவ்கள் மேலே எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்காது. நிறைந்தபின் எழுதியதெல்லாம் குப்பையாகும். சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப்பை வைத்து, ஒரே ஃபைலை இடம் தீரும்வரை காப்பி செய்து, ஒவ்வொன்றையும் மூல ஃபைலோடு ஒப்பிட்டோம். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. ஆனால் நடுவில் இரண்டு முறை பென் டிரைவ் காணாமல் போய்த் திரும்பி வந்தது. லேசாகத் தொட்டாலே போனது. மூன்றாம் முறை, “இந்த டிரைவை ஃபார்மேட் செய்யட்டுமா?” என்று லேப்டாப் கேட்டது.

“விருந்தாளியா வந்தவன் வீட்டை இடிக்கட்டுமான்னு கேக்கறான் பாரு” என்று அண்ணி அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

புதிதாக ஒன்று வந்தது. சட்டைகளும் தொப்பிகளும் நான்கு நாள் அருமையாக ஓடின. ஐந்தாம் நாள் ஜாக்கெட்டின் அடுத்த பத்து வந்தது. மூன்றாவது ஜாக்கெட்டில் நாரைக்குக் கால் இல்லை. மறுபடி வேறு கம்பெனியின் பென் டிரைவ் வாங்கினோம். மறுநாள் ஒன்பதாவது ஜாக்கெட்டில் நாரையே இல்லை, ஓர் இறகு மட்டும் இருந்தது.

முதலாளி கோபக்காரர் அல்ல. ஆனால் அவருக்கு ஒரு எண்ணம் தோன்றினால் அது உட்கார்ந்துவிடும். அடுத்த நாள் இரண்டாம் நம்பர் அக்காவை அவருடைய பென் டிரைவோடு நாலாம் நம்பரில் உட்காரச் சொன்னார். அரை நாள் சட்டை ஓட்டினார் அக்கா. ஒரு தையல் பிசகவில்லை.

“பார்த்தீங்களாம்மா? மெஷின்ல ஒண்ணுமில்ல. டிரைவும் மூணு மாத்தியாச்சு. மிச்சம் இருக்கறது உங்க கைதான். சில பேர் உடம்புல கரண்ட் இருக்கும். எங்க சித்தப்பா ஒருத்தர் எந்த வாட்ச் கட்டினாலும் நின்னுடும்.”

“சார், வாட்ச் வேற, இது வேற.”

“இருக்கட்டும். இன்னும் ஒரு ஜாக்கெட் கெட்டாலும் நீங்க நூல் வெட்டற மேசைக்குப் போயிடுங்க. நாலாம் நம்பரையும் அக்காவே சேர்த்துப் பார்த்துக்கட்டும்.”

அன்றிலிருந்து அண்ணியின் பெயர் கரண்டு. “ஏய் கரண்டு, அந்தப் பல்பைத் தொடு, எரியுதான்னு பார்ப்போம்” என்பார் அக்கா. அண்ணியும் விரலை நீட்டுவார். கூடம் சிரிக்கும். ஆனால் வீடு திரும்பும்போது பஸ்ஸில் நோட்டை மடியில் விரித்து அதையே புரட்டிக்கொண்டிருப்பார். நூல் வெட்டும் மேசை கூடத்தின் பின்கோடியில் இருக்கிறது. தைத்து வந்த துணிகளின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நாள் முழுக்கக் குனிந்து வெட்ட வேண்டும். மோசமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் நாலாம் நம்பர் அண்ணியின் பேச்சைக் கேட்கும். கத்தரிக்கோலுக்கு யார் பேச்சும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசி இருபது ஜாக்கெட்டும் இந்த முறை மொத்தமாக வந்து பட்டறையில் இருந்தது, திங்கட்கிழமை தைக்க வேண்டும். அண்ணி சாப்பாட்டு மேசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தார்.

“கெட்டது மூணு. மூணும் ஜாக்கெட். சட்டைல ஒண்ணு இல்ல, தொப்பில ஒண்ணு இல்ல” என்று என்னிடம் சொன்னார். “துணிக்கும் பென் டிரைவுக்கும் என்ன சம்பந்தம்? துணி அதுக்குள்ளயா போகுது?”

“ஜாக்கெட் ஃபைல் பெருசு அண்ணி. அதனால இருக்குமோ?”

“தொப்பி ஃபைல் அதைவிடப் பெருசு. நோட்டுல இருக்கு, பாரு.”

எங்கள் வீட்டில் துணி துவைப்பது அண்ணன். சமையல் அண்ணி, துவைப்பது அண்ணன், பெருக்குவது நான் என்று பாகப்பிரிவினை. கொல்லைப்புறத்திலிருந்து அண்ணன் கையில் நீல நாடாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இந்தக் கழுத்துக் கயித்தை நான் இனிமே துவைக்கமாட்டேன். நாலு தடவ சோப்பு போட்டாச்சு. இன்னும் பிசுபிசுங்குது. என் பனியன்ல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. நீ வேலைக்குப் போறியா, வெல்லம் காய்ச்சப் போறியா?”

“எங்க?” என்று அண்ணி நாடாவை வாங்கினார். விரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டு போனார். “இது ஸ்ப்ரே பசை” என்றார்.

ஜாக்கெட் கனமானது, தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் மெஷின் வளையத்துக்குள் அடங்காது. அதனால் வளையத்தில் ஒரு தடித்த தாளை மாட்டி, அதன் மேல் பசை ஸ்ப்ரே அடித்து, ஜாக்கெட்டை அதில் ஒட்டித்தான் தைக்க வேண்டும். சட்டைக்கும் தொப்பிக்கும் ஸ்ப்ரே கிடையாது. ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் ஒரு முறை அண்ணி குனிந்து ஸ்ப்ரே அடிப்பார். கழுத்தில் தொங்கும் பென் டிரைவ் நேராக அந்தத் தாளின் மேல் ஆடிக்கொண்டிருக்கும்.

அண்ணி கைப்பையிலிருந்து மூன்றாம் பென் டிரைவை எடுத்தார். தையலைச் சரிபார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குப் போய் அதன் வாய்க்குள் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். பொன்னிறப் பட்டைகளின் மேல் மெல்லிய சவ்வு போல ஏதோ படிந்திருந்தது. அதில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று நூல் பொடி ஒட்டியிருந்தது.

“மூணு பென் டிரைவையும் நான்தான் கொன்னிருக்கேன்” என்றார்.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “அவ்வளவுதானே? துடைச்சுட்டு ஓட்டு. கழுத்துல மாட்டாதே. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

அண்ணி நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அதற்கு முன்னால் அவர் பதில் சொல்ல யோசித்து நான் பார்த்ததில்லை.

“சொன்னா மெஷின் போயிடும்ல” என்றார், யாரையும் பார்க்காமல்.

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

“சொல்லாம விட்டாலும் போகும். பென் டிரைவ்ல இருக்கற பசை மெஷின் வாய்க்குள்ளயும் போயிருக்கும். அதை நான் திருட்டுத்தனமா துடைக்க முடியாது. நாளைக்கு நான் லீவு போட்டா வேற யாராவது வந்து அதே ஸ்ப்ரேவ அதே மாதிரி அடிப்பாங்க. அப்ப அவங்க கையில கரண்ட்டுனு சொல்வாரு அந்த மனுஷன்.” நோட்டை மூடினார். “பஞ்சுக்குச்சி எங்க இருக்கு?”

காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுப் பட்டைகளைத் துடைத்தார். காய்ந்ததும் லேப்டாப்பில் செருகி எடுத்துச் செருகி எடுத்து முப்பது முறை ஃபைலை ஏற்றிப் பார்த்தோம். முப்பதும் முழுசு. அண்ணன் பக்கத்தில் நின்று எண்ணினார். பதினேழை இரண்டு முறை சொன்னதால் அண்ணி அவரை அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பட்டறையில் மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அண்ணி கூடத்தின் நடுவில் நின்றார்.

“சார், காரணம் கிடைச்சுடுச்சு. எல்லாரும் ஒரு நிமிஷம் வாங்க.”

நாலாம் நம்பரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதன் வாயைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காட்டினார். பஞ்சு பழுப்பாக வந்தது. மெஷினை இயக்கிச் சுத்தமான பென் டிரைவைப் பத்து முறை செருகினார். பத்து முறையும் நாரை முழுதாகத் திரையில் நின்றது. பிறகு பென் டிரைவை நாடாவில் மாட்டி முதலாளியிடம் நீட்டினார்.

“நீங்களே கழுத்துல போட்டுக்கங்க சார். இந்தத் தாள்மேல ஸ்ப்ரே அடிங்க. பத்து ஜாக்கெட்டுக்கு அடிக்கற மாதிரி பத்து தடவ.”

“நானா?”

“உங்க கையில கரண்ட் இல்லையே சார்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி நாடாவை மாட்டிக்கொண்டு குனிந்து அடித்தார். ஆறாவது தடவையில் அவர் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. கழற்றித் துடைக்கப் பார்த்தார், துணி அதில் ஒட்டிக்கொண்டது. பத்து முடிந்ததும் அவர் கையாலேயே பென் டிரைவைச் செருகினார். மெஷின் அப்படி ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அசைத்தார். வந்தது, போனது. மூன்றாம் முறை வந்தபோது நாரை கழுத்தோடு நின்றது.

முதலாளி மங்கிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். “அப்ப உங்களாலதான் ஆகியிருக்கு.”

“ஆமா சார். என்னாலதான். ஆனா கை இல்ல, கழுத்து.”

யாரோ சிரித்து நிறுத்தினார்கள்.

“மூணு ஜாக்கெட்டும்?”

“மூணும் என் தப்பு. கழுத்துல மாட்டினா பத்திரம்னு நினைச்சேன். ஸ்டுடியோல பத்திரம்தான். இங்க இல்ல.”

“இன்னும் ஒண்ணு கெட்டா மேசைக்குப் போகணும்னு சொன்னேன்.”

“அதையேதான் நானும் சொல்றேன் சார். இனிமே ஒண்ணு கெட்டா. இருபது பாக்கி இருக்கு. இன்னிக்கே நான் தைக்கறேன். ஒரு நாரைக்கு ஒரு நகம் குறைஞ்சாலும் நானே எழுந்து போய்க் கத்தரியை எடுத்துக்கறேன். நீங்க சொல்லவே வேணாம்.”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கழற்றினார். “ஸ்பிரிட்டை இப்படிக் குடுங்க” என்றார். அவ்வளவுதான் அவர் பதில்.

அண்ணி கைப்பையிலிருந்து பிரயாணத்துக்கு எடுத்துப் போகும் பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்றை எடுத்தார். மெஷின் வாயையும் பென் டிரைவையும் மறுபடி துடைத்து, டிரைவை டப்பாவுக்குள் வைத்து மூடினார். ஸ்ப்ரே அடிக்கும் வேலையைக் கூடத்தின் மறுகோடியில் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். அடித்துவிட்டு வந்து கையைத் துடைப்பார், டப்பாவைத் திறப்பார், செருகுவார், திரையில் நாரையைக் கால்வரை பார்ப்பார், எடுப்பார், டப்பாவை மூடுவார். பிறகுதான் ஊசி இறங்கும். கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து நான் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினான்காவது ஜாக்கெட்டில் மெஷின் நடுவில் நின்றது. கூடமே திரும்பியது. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“நூல் தீர்ந்துபோச்சு!” என்று அண்ணி திரும்பாமலே கத்தினார். “எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க.”

இருபதாவது ஜாக்கெட்டை மடித்தபோது மாலை வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. இருபது நாரைக்கும் நாற்பது கால். அக்கா வந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு, கரண்டு. ஆமா, சோப்பு டப்பால சோப்பு எங்க?”

“உங்க வாயில போட வச்சிருக்கேன்க்கா.”

மறுநாள் காலை மெஷினுக்கு ஒன்றாக ஆறு சோப்பு டப்பா இருந்தது. முதலாளி வாங்கி வைத்தது. நாலாம் நம்பர் முக்காலியில் அண்ணி வழக்கம்போல உட்கார்ந்தார். மீட்புக் குழுவிடம் முதலாளி எப்படியோ பேசி, கெட்டுப்போன மூன்றுக்கும் பதில் ஜாக்கெட் தைத்து வாங்கிவிட்டார். கெட்டதில் ஒன்றை அண்ணி கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். கரண்டி தின்னும் நாரை அது. குளிர்நாளில் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டுதான் துணி துவைக்கிறார்.

நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் ஒரே ஒரு மாற்றம். போன வாரம் ஆறாம் நம்பரின் பென் டிரைவ் திறக்கவில்லை என்று அண்ணியைக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். புதுப் பக்கம் புரட்டி, சந்தேகப்பட வேண்டியவற்றை வரிசையாக எழுதினார். முதல் வரியில் பென் டிரைவ் இல்லை, மெஷின் இல்லை. ‘நான்’ என்று எழுதியிருந்தார்.

பேனா முனையை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“நான் இல்ல” என்றார். “அடுத்தது யாரு?”